முக்கியக் குறிப்புகள்: பூனையின் கடும் மலச்சிக்கல்

கால்நடை மருத்துவத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

சிறு விலங்கு மருத்துவத்தில் இது ஒரு சின்னத் தலைப்புபோலத் தெரியும். ஆனால் உடலமைப்பியல், நரம்பியல், எக்ஸ்ரே, மருந்தியல், அறுவை ஆகிய ஐந்து பாடங்களிலிருந்தும் இதில் கேள்வி எடுக்கலாம். படிக்கத் தொடங்கும் முன் ஒரு வரியை மனத்தில் இருத்துங்கள்: மலம் தங்கும் ஒவ்வொரு நாளும் பெருங்குடல் தன் வலுவில் கொஞ்சத்தை இழக்கிறது. கீழே வரும் குறிப்புகள் எல்லாவற்றையும் இந்த வரியில் கோத்துக்கொள்ளலாம்.

1. அடிப்படை: பெருங்குடலின் அமைப்பும் வேலையும்

• பூனையின் பெருங்குடலுக்கு ஏறுகுடல், குறுக்குக்குடல், இறங்குகுடல் என மூன்று பகுதிகள். சிறுகுடல் வந்து சேரும் இடத்தில் இருப்பது இலியோகோலிக் வால்வு. அறுவைப் பகுதியில் இந்த வால்வைப் பற்றிக் கேள்வி வரும்.

• முக்கிய வேலைகள் இரண்டு. ஒன்று, நீரையும் உப்புகளையும் உறிஞ்சுவது. மற்றொன்று, மலத்தைச் சேர்த்து வைத்து வெளியே தள்ளுவது.

• நோய் உருவாகும் விதம்: மலம் கூடுதல் நேரம் தங்கினால் கூடுதல் நீர் உறிஞ்சப்படுகிறது. மலம் காய்ந்து கல்லாகிறது. கல்லான மலம் வெளியேறும்போது வலிக்கிறது. வலிக்குப் பயந்து பூனை அடக்கிக்கொள்கிறது. அதனால் மலம் இன்னும் காய்கிறது. குடல் விரிகிறது, தசை தளர்கிறது. இந்தச் சுழலை வரிசை மாறாமல் எழுதப் பழகுங்கள்.

• நரம்புகள்: மலம் கழிக்க உதவும் இணைபரிவு நரம்பு இழைகள் தண்டுவடத்தின் சேக்ரல் பகுதியிலிருந்து இடுப்பு நரம்பு வழியாக வருகின்றன. ஆசனவாயின் வெளிச்சுருக்குத் தசையை இயக்குவது பியூடெண்டல் நரம்பு. வால் இழுபட்டு, வாலடியில் காயம்பட்ட பூனைக்கு மலமும் சிறுநீரும் தேங்குவது இதனால்தான்.

• குடல் சுவருக்குள் இருக்கும் அவர்பாக் நரம்புப் பின்னல் தசை அசைவை ஒழுங்குபடுத்துகிறது. அசைவின் தாளத்தை உண்டாக்குபவை காஜல் செல்கள்.

• பூனையின் முள்ளெலும்புக் கணக்கு: கழுத்து 7, மார்பு 13, லம்பார் 7, சேக்ரம் 3. எக்ஸ்ரே அளவீட்டுக்கு லம்பார் எண்ணிக்கை தேவைப்படும்.

• வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. வறண்ட நிலத்தில் வாழ்ந்த அந்த விலங்கு, தனக்கு வேண்டிய நீரின் பெரும்பகுதியை இரையின் உடலிலிருந்தே பெற்றது. அதன் வழிவந்த பூனைக்குத் தாக உணர்ச்சி குறைவு. சிறுநீரைக் கெட்டியாக்கும் திறன் அதிகம். உலர் உணவு மட்டுமே தின்னும் பூனை போதிய நீர் குடிக்காமல் இருந்துவிடுவதற்கு இதுவே பின்னணி.

2. மூன்று நிலைகள்

• மலச்சிக்கல்: மலம் அரிதாக அல்லது சிரமத்துடன் வெளியேறுதல். மலம் காய்ந்திருந்தாலும் வெளியேறும் திறன் எஞ்சியிருக்கிறது.

• ஆப்ஸ்டிபேஷன்: சிகிச்சைக்கு இணங்காத கடும் மலச்சிக்கல். பூனையால் தானாக மலம் கழிக்கவே முடியாத நிலை.

• மெகாகோலன்: பெருங்குடல் தொடர்ந்து விரிந்தே இருந்து, அசைவு குன்றிய நிலை.

• மெகாகோலன் இரு வகை. தடையை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தசை தடிப்பது தடிப்பு வகை. பெரும்பாலும் இடுப்பெலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்த பூனைகளில் இதைக் காண்கிறோம். தடையை விரைவில் நீக்கினால் குடல் மீளக்கூடும். தசையின் செயல்திறனே போய் விரிவது விரிவு வகை. இது மீளாது.

• தேர்வுக் கவனம்: "மீளும் வகை எது?" என்று கேட்டால் தடிப்பு வகை என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். "தொடக்கத்திலேயே தடையை நீக்கினால்" என்ற நிபந்தனையையும் சேர்த்து எழுதுங்கள்.

3. எண்களில் நினைவில் கொள்ள வேண்டியவை

• வெளியான நோயாளிக் குறிப்புகளின் தொகுப்பின்படி ஆப்ஸ்டிபேஷனுக்கான காரணங்கள்: காரணம் அறியப்படாத மெகாகோலன் 62%, இடுப்புக்கூடு குறுகல் 23%, நரம்புக் காயம் 6%, மேங்க்ஸ் இனத்தின் சேக்ரல் தண்டுவடக் குறைபாடு 5%. இந்த நான்கும் சேர்ந்து 96%.

• காரணம் அறியப்படாத மெகாகோலன் நடுவயதுப் பூனைகளில் அதிகம். சராசரி வயது 5.8. பாதிக்கப்பட்டவற்றில் சுமார் 70% கடுவன் பூனைகள்.

• 1996இல் வாஷபாவ், ஸ்டாலிஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, இந்நோயில் பெருங்குடலின் மென்தசை முழுவதுமே சுருங்கும் திறன் குன்றியிருப்பதைக் காட்டியது.

• அவசரப் பிரிவுக்கு மலச்சிக்கலுடன் வந்த 189 பூனைகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு நான்கு அபாயக் கூறுகளைச் சுட்டியது: முதுமை, உடல் பருமன், நாட்பட்ட சிறுநீரக நோய், முன்பே மலச்சிக்கல் வந்திருத்தல்.

4. காரணங்களின் வகைப்பாடு

• நீரிழப்பு: நாட்பட்ட சிறுநீரக நோய், நீரிழிவு, போதிய நீர் குடிக்காமை. சிறுநீரகம் நீரைக் காக்கத் தவறும்போது உடல் அந்தக் குறையைப் பெருங்குடலிலிருந்து ஈடுகட்டுகிறது. வயதான பூனையின் மலச்சிக்கலைக் கண்டால் சிறுநீரகத்தைச் சோதிக்காமல் விடக் கூடாது.

• உப்புச் சமநிலை: இரத்தத்தில் பொட்டாசியம் குறைவு, கால்சியம் மிகுதி. இரண்டுமே குடல் அசைவைக் குறைக்கும்.

• தடை: இடுப்பெலும்பு முறிவு, கட்டி, பெரினியல் குடலிறக்கம். வண்டியில் அடிபட்டுப் பிழைத்த பூனையின் பழைய முறிவு, மாதங்கள் கழித்து மலச்சிக்கலாக வெளிப்படலாம்.

• வலி: மூட்டுவாதம், ஆசனவாய்ச் சுரப்பியில் சீழ்க்கட்டி. மூட்டு வலிக்கும் பூனை மணல் தட்டின் விளிம்பைத் தாண்டி ஏறவும், குந்தி உட்காரவும் தயங்கும்.

• நரம்பு: தண்டுவடக் காயம், மேங்க்ஸ் குறைபாடு, கீ–கேஸ்கல் நோய். கடைசியாகச் சொன்னது தன்னியக்க நரம்புகளைத் தாக்குவது. 1982இல் பிரிட்டனில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது.

• மேங்க்ஸ்: ஐரிஷ் கடலில் உள்ள மேன் தீவின் பூனை இனம். வாலில்லாமையைத் தரும் மரபணு ஓங்கு பண்புடையது. இரு பிரதியும் பெற்ற கரு பிழைக்காது.

• உணவு: எலும்புத் துண்டு, மீன் முள், நக்கி விழுங்கிய முடி.

• மருந்து: ஓபியாய்டு வலிநீக்கிகள், ஆன்டிகோலினெர்ஜிக் மருந்துகள், அலுமினியம் கலந்த அமில நீக்கிகள், சுக்ரால்ஃபேட், வின்கிறிஸ்டின்.

• சூழல்: அழுக்கான மணல் தட்டு, புது வீடு, தட்டருகே மற்றொரு பூனையின் மிரட்டல். இதைச் சிறிய காரணமென்று ஒதுக்கக் கூடாது. அடக்கும் பழக்கம் தொடங்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

5. அறிகுறிகள்

• தட்டில் நெடுநேரம் முக்குதல், முக்கும்போது கத்துதல், தட்டுக்குப் போய்ப் போய்த் திரும்புதல்.

• உருண்டை உருண்டையாகக் காய்ந்த மலம். மேலே சளி அல்லது இரத்தக் கீற்று.

• பசியின்மை, வாந்தி, எடை குறைதல், முதுகைக் கூனி உட்காருதல், முடியை நக்கிச் சுத்தம் செய்யாமை.

• ஏமாற்றும் அறிகுறி: கட்டித்த மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து வரும். வளர்ப்பவர் வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதற்கு மருந்து கேட்பார். வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் அந்த மருந்தை எழுதிக் கொடுத்தால் அடைப்பு மேலும் மோசமாகும்.

6. முதலில் பிரித்தறிய வேண்டியது: மலமா, சிறுநீரா?

• இந்தத் தலைப்பிலேயே மிக முக்கியமான குறிப்பு இது. கடுவன் பூனை தட்டில் முக்குகிறது என்று சொன்னாலே மலச்சிக்கல் என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்க் குழாய் அடைப்பிலும் பூனை அதே இடத்தில், அதே விதமாகத்தான் முக்கும்.

• கடுவன் பூனையின் சிறுநீர்க் குழாய் ஆண்குறி நுனியை நோக்கிக் குறுகுவதால் அடைப்பு அதற்கே அதிகம்.

• அடைப்பு நீடித்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு சீர்கெடும். ஓரிரு நாள்களில் உயிர் போகலாம்.

• தொட்டறிதல்: அடைப்பில் சிறுநீர்ப்பை பந்துபோல் உருண்டு, இறுகி, வலிக்கும். மலச்சிக்கலில் இறங்குகுடல் நெடுகக் கெட்டியான மலக்கட்டிகள் தட்டுப்படும்.

• பெருங்குடல் அழற்சியிலும் முக்கல் உண்டு. அதில் பூனை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, சளியோடு கழிக்கும். கழித்த பிறகும் முக்கும். மலச்சிக்கலில் முக்கல் மலத்துக்கு முன்பு வருகிறது.

7. பரிசோதனை

• விவரம் கேட்டல்: கடைசியாக மலம் கழித்தது எப்போது, சிறுநீர் போகிறதா, விபத்து நடந்ததா, என்ன உணவு, என்ன மருந்து.

• நரம்புப் பரிசோதனை: வாலின் அசைவு, ஆசனவாய் அனிச்சைச் செயல், பின்னங்கால் நடை.

• மலக்குடலை விரலால் சோதித்தல்: மயக்கம் கொடுத்தே செய்ய வேண்டும். பழைய முறிவு, கட்டி, குடலிறக்கம் ஆகியவற்றை இதில் அறியலாம்.

• இரத்தம், சிறுநீர்: சிறுநீரகச் செயல்பாடு, பொட்டாசியம், கால்சியம், சர்க்கரை; வயதான பூனைக்குத் தைராய்டு அளவும்.

• எக்ஸ்ரே அளவீடு: பெருங்குடலின் அதிகபட்ச விட்டத்தை ஐந்தாவது லம்பார் முள்ளெலும்பின் நீளத்தால் வகுக்க வேண்டும். 1.28க்குக் கீழே என்றால் இயல்பு. 1.48க்கு மேலே என்றால் மெகாகோலன் இருக்க வாய்ப்பு அதிகம். இந்த எல்லைகள் 2011இல் வெளியான ஆய்விலிருந்து வந்தவை.

• எக்ஸ்ரேயில் இடுப்புக்கூடு முழுவதும் விழ வேண்டும். குடலை மட்டும் படம் எடுத்தால் 23% காரணம் கண்ணில் படாமல் போகும்.

8. சிகிச்சை: ஆறு 'ந'

வரிசையை மறக்காமலிருக்க: நீர், நீக்கம், நெகிழ்வு, நார், நகர்வு, நறுக்கு.

(அ) நீர்

• முதல் படி எப்போதும் நீரிழப்பையும் உப்புக் குறைவையும் சரிசெய்வதே. கடும் நிலையில் சிரை வழி டிரிப்ஸ். உடல் வறண்டிருக்கும்போது மலமிளக்கி கொடுத்தால் அது இழுக்கும் நீரும் உடலிலிருந்தே போகும்.

(ஆ) நீக்கம்

• எனிமா: வெதுவெதுப்பான நீர், கிலோ எடைக்கு 5–10 மி.லி. மசகிட்ட மெல்லிய குழாய் வழியாக மெதுவாகச் செலுத்த வேண்டும். வேகமாகச் செலுத்தினால் வாந்தி வரும். குடல் கிழியவும் கூடும்.

• மூக்கு வழிக் குழாய்: பாலிஎத்திலீன் கிளைக்கால் 3350 கரைசல், கிலோ எடைக்கு மணிக்கு 6–10 மி.லி. 2010இல் 9 பூனைகளில் செய்த ஆய்வில் மலம் வெளியேற ஆன இடைநிலை நேரம் 8 மணி. வீச்சு 5 முதல் 24 மணி.

• கையால் நீக்கல்: முழு மயக்கத்தில், மூச்சுக்குழாயில் குழாய் பொருத்திய பின்பே செய்ய வேண்டும். குடலைப் பிசையும்போது வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகாமல் இருக்கவே இந்தக் குழாய். கட்டி பெரிதாக இருந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்க முனையாமல், சில நாள்களில் பகுதி பகுதியாக நீக்குவது குடலுக்குப் பாதுகாப்பு.

(இ) நெகிழ்வு

• லாக்டுலோஸ்: காலக்டோஸும் ஃபிரக்டோஸும் சேர்ந்த செயற்கை இரட்டைச் சர்க்கரை. சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடல் பாக்டீரியா இதைக் கரிம அமிலங்களாக மாற்ற, அவை சவ்வூடுபரவல் மூலம் நீரை இழுக்கும். அளவு: கிலோ எடைக்கு 0.5 மி.லி., 8–12 மணிக்கு ஒரு முறை. மலத்தின் தன்மை பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம்.

• பாலிஎத்திலீன் கிளைக்கால் தூள்: உணவில் கலந்து தரலாம். சுவையற்றது என்பதால் லாக்டுலோஸின் இனிப்பை ஏற்காத பூனைக்கு உகந்தது.

• பிசகோடில்: குடலைத் தூண்டும் வகை. நெடுநாள் கொடுத்தால் குடல் நரம்பணுக்களைக் கெடுக்கக்கூடும்.

(ஈ) நார்

• கரையும் நார்: இசப்கோல், பூசணி. நீரைப் பிடித்து மலத்தை வழவழப்பாக்கும். இசப்கோல் நம் நாட்டில் குஜராத்தில் பெருமளவில் விளைவது.

• இசப்கோல் நார் சேர்த்த உலர் உணவைப் பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வெளியானது. பெரும்பாலான பூனைகளின் மலம் சீரடைந்தது.

• எச்சரிக்கை: நீரிழப்புள்ள பூனைக்கும், அசைவிழந்த மெகாகோலனுக்கும் நாரைக் கூட்டக் கூடாது. தள்ள வலுவில்லாத குடலில் மலத்தின் அளவு மட்டுமே பெருகும். அந்நிலையில் நன்கு செரித்து, மலம் குறைவாகத் தங்கும் உணவே சரி.

(உ) நகர்வு

• சிசாப்ரைடு: செரோட்டோனின் 4 வகை ஏற்பிகளைத் தூண்டிப் பெருங்குடல் மென்தசையைச் சுருங்கச் செய்யும். அளவு: பூனைக்கு 2.5–5 மி.கி., நாளுக்கு 2–3 முறை.

• மனிதர்களில் இதயத் துடிப்புக் கோளாறு உண்டாக்கியதால் 2000இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. மனிதப் பயன்பாட்டுக்கு இந்தியாவிலும் 2011இல் தடை வந்தது. பல நாடுகளில் பூனைக்கென மருந்தகங்கள் தனியாகத் தயாரித்துத் தருகின்றன.

• குடலில் பொருள் அடைப்பு இருந்தால் கொடுக்கக் கூடாது. கீட்டோகோனசோல், எரித்ரோமைசின் ஆகியவற்றோடும் சேர்க்கக் கூடாது.

• மெட்டோகுளோபிரமைடு பெருங்குடலில் பயன் தராது. நான்கு விடைகளில் ஒன்றாக இதைக் கொடுத்து ஏமாற்றுவார்கள்.

(ஊ) நறுக்கு

• சப்டோட்டல் கோலெக்டமி: பெருங்குடலின் 95–98% பகுதியை அகற்றும் அறுவை. மருந்துக்கு இணங்காத மெகாகோலனுக்கு உரியது.

• இலியோகோலிக் வால்வைக் காப்பாற்றினால் அறுவைக்குப் பின் வரும் வயிற்றுப்போக்கு குறைவாக இருக்கும்.

• அறுவைக்குப் பின் சில வாரங்கள் மலம் தளர்வாகப் போகும். சிறுகுடல் நீர் உறிஞ்சப் பழகியதும் உருவம் பெறும்.

• இடுப்புக்கூடு குறுகல்: மலச்சிக்கல் தொடங்கி 6 மாதத்துக்குள் என்றால் இடுப்பை அகலப்படுத்தும் அறுவையே போதலாம். அதற்கு மேல் என்றால் குடலும் கெட்டிருக்கும், கோலெக்டமி தேவைப்படும்.

9. செய்யக் கூடாதவை

• சோடியம் பாஸ்பேட் எனிமா பூனைக்கு உயிராபத்து. சோடியமும் பாஸ்பரஸும் ஏறும், கால்சியம் வீழும், வலிப்பு வந்து இறக்கலாம். மருந்துக் கடையில் மனிதர்களுக்கு எளிதில் கிடைப்பது என்பதால் வளர்ப்பவர்களிடம் இதை வெளிப்படையாகச் சொல்லி எச்சரிக்க வேண்டும்.

• திரவ பாரஃபினையோ வேறு எண்ணெயையோ சிரிஞ்சால் வாயில் ஊற்றக் கூடாது. சுவையற்ற எண்ணெய் இருமலைத் தூண்டாமலே மூச்சுக்குழலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும்.

• விளக்கெண்ணெய் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பூனைக்கு அது வேண்டாம். குடலை எரிச்சலூட்டி, நீரிழப்பைக் கூட்டும். அடைப்பு இருந்தால் வலியையும் கூட்டும்.

• பால் மருந்தாகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு லாக்டோஸ் செரிக்காமல் வயிறு உப்பும்.

• டாகுசேட்டையும் திரவ பாரஃபினையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. டாகுசேட் அந்த எண்ணெயை உடல் உறிஞ்ச வைத்துவிடும்.

• ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்கக் கூடாது. அதன் மறுமுனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டியிருந்தால் குடல் கிழியும்.

10. தடுப்பும் வீட்டுப் பராமரிப்பும்

• நீர்த்தேவை: கிலோ எடைக்கு நாளுக்குச் சுமார் 50 மி.லி., உணவில் உள்ள நீரையும் சேர்த்து. ஈர உணவில் நீர் 70–80%. உலர் உணவில் சுமார் 10% அல்லது அதற்கும் குறைவு.

• உப்பும் மசாலாவும் சேர்க்காத மீன் வேகவைத்த நீரைச் சோற்றோடு பிசைந்து கொடுப்பது நீரேற்ற எளிய வழி. முள்ளையும் எலும்பையும் எடுத்துவிட வேண்டும்.

• மணல் தட்டு: பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூடுதலாக வைக்க வேண்டும். தினமும் சுத்தம். வயதான பூனைக்குத் தாழ்ந்த விளிம்பு.

• முடி சீவுதல், எடைக் கட்டுப்பாடு, விளையாட்டு.

• பெரும்பாலான பூனைகள் நாளுக்கு ஒரு முறையேனும் மலம் கழிக்கும். இரண்டு நாள் தாண்டியும் கழிக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாந்தியும் சோர்வும் சேர்ந்தால் அன்றே கொண்டுபோக வேண்டும்.

11. ஒரு வரி வினா–விடை

• பெருங்குடல் விட்டத்தை ஒப்பிடும் முள்ளெலும்பு? ஐந்தாவது லம்பார்.
• ஆப்ஸ்டிபேஷனுக்கு மிகுதியான காரணம்? காரணம் அறியப்படாத மெகாகோலன்.
• பூனைக்குத் தடை செய்ய வேண்டிய எனிமா? சோடியம் பாஸ்பேட்.
• சிசாப்ரைடு தூண்டும் ஏற்பி? செரோட்டோனின் 4.
• வாலில்லாத இனத்தில் மலச்சிக்கல்? மேங்க்ஸ், சேக்ரல் தண்டுவடக் குறைபாடு.
• கீ–கேஸ்கல் நோய் தாக்குவது? தன்னியக்க நரம்புகளை.

12. விரிவான விடைக்கு ஒரு மாதிரி

வினா: 6 வயதுக் கடுவன் பூனை மூன்று நாளாகத் தட்டில் முக்குகிறது, வாந்தி எடுக்கிறது, தின்னவில்லை. ஓராண்டுக்கு முன் வண்டியில் அடிபட்டது. உங்கள் அணுகுமுறை என்ன?

விடை வரிசை: சிறுநீர்ப்பையைத் தொட்டுப் பார்த்து அடைப்பு இல்லை என உறுதி செய்தல். நீரிழப்பை மதிப்பிட்டு டிரிப்ஸ் தொடங்குதல். இரத்தப் பரிசோதனை. இடுப்புக்கூடு தெரியும்படி எக்ஸ்ரே, விட்ட விகிதக் கணக்கு. நீரேற்றிய பின் எனிமா அல்லது மூக்கு வழிக் கரைசல்; பயனில்லையெனில் மயக்கத்தில் கையால் நீக்கல். பிறகு மலமிளக்கி, குடல் அசைவூட்டி, உணவு மாற்றம். பழைய முறிவால் பாதை குறுகியிருந்தால், மலச்சிக்கல் தொடங்கிய காலத்தைக் கேட்டறிந்து அறுவையைத் தீர்மானித்தல்.

இந்த விடையில் பலர் விடுவது முதல் வரியையும் கடைசி வரியையும்தான். முதல் வரியை விட்டால் சிறுநீர் அடைப்புள்ள பூனை எனிமா போட்டுக்கொண்டிருக்கும்போதே இறக்கலாம். கடைசி வரியை விட்டால், வெளியேற்றிய மலம் சில வாரங்களில் மறுபடி சேர்ந்து, இன்னும் தளர்ந்த குடலோடு அதே பூனை உங்கள் மேசைக்கு வரும். குடலைக் காலி செய்வதோடு சிகிச்சை முடிவதில்லை. மலம் ஏன் தங்கியது என்பதற்கும் விடை எழுதுங்கள்.